யாருக்குக் கவலை என்று கேட்கும் நேர்காணல்

சட்ட நிறுவனங்களில் பயிற்சி வழக்கறிஞராகச் சேர விரும்பும் பிள்ளைகள் என்னைத் தேடி வந்தால், கையில் ஒரு தடித்த வழிகாட்டிப் புத்தகம் இருக்கும். ஒப்பந்தச் சட்டம், கம்பெனிச் சட்டம் எதைக் கேட்டாலும் தைரியமாகப் பேசுவார்கள். கிளம்பும் நேரத்தில் குரல் இறங்கும். "மேடம், கமர்ஷியல் அவேர்னெஸ்னு ஒரு ரவுண்டு வெச்சிருக்காங்க. அதுக்கு இன்னா படிக்கறது?"

கட்சிக்காரரின் தொழில் எப்படி நடக்கிறது, உலகத்தில் நடக்கும் ஒரு மாற்றம் அவரை எந்த இடத்தில் தொடும் என்பதெல்லாம் வக்கீலாக வரப்போகிறவருக்குப் புரிகிறதா என்று பார்க்கும் சுற்று அது. நான் வேலூரில் ஒரு சட்ட அலுவலகத்தில் சேர்ந்து, அங்கேயே இருந்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு பலரை அதற்குத் தயார் செய்தேன். எங்கள் அலுவலகத்து இளையவர்கள் எழுதித் தரச் சொல்லிக் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. அன்றைய வெயில், நான் போன இடம், என்னைப் பார்க்க வந்தவர் ஆகியவை அதில் இருக்கும். வந்தவர் என்ன சொன்னார் என்பது இருக்காது. இந்தக் கட்டுரையிலும் கட்சிக்காரர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சட்டம் முடித்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். எங்கள் சர்ச் சபையில் வக்கீலுக்குப் படித்த முதல் பெண் நான். வேலூரில் தோல் வியாபாரிகளுக்கும் காலணி ஏற்றுமதி செய்பவர்களுக்கும் வேலை பார்த்த ஹபீப் சாரின் அலுவலகத்தில் ஜூனியராகச் சேர நேர்காணலுக்குப் போனேன். மாடியில் இரண்டே அறைகள். வெளி அறையில் ஒரு நீளமான மர பெஞ்சு. கட்சிக்காரர்கள், துறைமுக வேலை பார்க்கும் கிளியரிங் ஏஜெண்டுகள், வேலை கேட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரு பெஞ்சுதான். அரை மணி நேரம் அதில் உட்கார்ந்து, பத்திரிகையின் வணிகப் பக்கத்திலிருந்து கத்தரித்து ஒட்டி வைத்திருந்தவற்றை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

உள்ளே போனதும் ஹபீப் சார் என் சான்றிதழ்களை மூடி ஓரமாக வைத்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டிருப்பார். எதிரே இருப்பவர் உட்காரும்வரை அவர் உட்கார மாட்டார். அது கட்சிக்காரருக்கும் உண்டு, பியூனுக்கும் உண்டு.

"வெளில உக்காந்துனு இருந்தியேம்மா. பெஞ்சுல யாருக்குக் கவலை?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் ஒருவரைக் கவனித்திருந்தேன். பிளாஸ்டிக் பையில் கப்பல் காகிதங்களை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பை வெச்சிருந்தவருக்கு சார். கப்பலை விட்டுடுவோம்னு பயப்படறார்."

"விட்டா?"

"அடுத்த கப்பல் இருக்கே சார்."

ஹபீப் சார் சிரித்தார். "அடுத்த கப்பல் போய் சேர்றதுக்குள்ள அங்க குளிர்காலம் பாதி முடிஞ்சிடும். குளிர்கால பூட்ஸை வசந்த காலத்துல எவன் வாங்குவான்? அவர் கப்பலுக்குப் பயப்படல. சீசனுக்குப் பயப்படறார். சரி, மனுஷனைப் பாக்கத் தெரிஞ்சிருக்கு. மிச்சத்தை நான் சொல்லித் தர்றேன். திங்கக்கிழமை வந்துடு."

அதுதான் அவருடைய நேர்காணல். அடுத்து வந்தவர்களுக்கும் அதே பெஞ்சு, அதே கேள்வி. கையில் இருந்த காகிதத்திலிருந்து தலையைத் தூக்காதவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி விழித்துக்கொண்டு வெளியே வருவார்கள்.

அவரிடம் நான் இருந்த வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் ஆறு மாதம் சட்டப் புத்தகத்தைத் தொட விடவில்லை. பேரணாம்பட்டில் பதனிடாத பச்சைத் தோல் வந்து இறங்கும் இடத்திலிருந்து ஆம்பூரில் தைத்துப் பெட்டியில் போடும் இடம்வரை போய்ப் பார்த்து வரச் சொன்னார். பதனிட்ட தோலைச் சதுர அடி கணக்கில் விற்பார்கள், அதை அளக்க ஒரு இயந்திரம் இருக்கும். ஐப்பசி மழையில் ஆம்பூரில் அளந்த தோல், வெளிநாட்டில் சூடேற்றிய கிடங்கில் காய்ந்த பிறகு அளந்தால் குறையும். தோல் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். அது தெரியாத வக்கீல் ஒருவர், 'எங்கள் கட்சிக்காரர் ஏமாற்றவில்லை, உங்கள் இயந்திரம்தான் பொய் சொல்கிறது' என்று பக்கம் பக்கமாக எழுதினார். ஹபீப் சார் அதே வகைத் தகராறில், அளவு எந்த நிலையில் எடுக்கப்படும், எவ்வளவு வித்தியாசம்வரை இரண்டு பக்கமும் பொறுத்துக்கொள்ளும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வாக்கியம் சேர்த்தார். அதன் பிறகு அந்தக் கட்சிக்காரருக்கு அந்த வகையில் சண்டையே வரவில்லை.

"ஜாஸ்தி சட்டம் பேசாத. கம்மியா பேசு. அவன் கவலை இன்னான்னு தெரிஞ்சா சட்டம் தானா வந்து உக்காரும்" என்பார்.

அந்த வருடங்களில் கவலைக்குக் குறைவில்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆலையை ஓட்டக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. சில சாயங்கள் கலந்த தோலை வாங்கக்கூடாது என்று ஜெர்மனியில் சட்டம் வந்தது. ஒவ்வொன்றும் பத்திரிகையில் நாலு வரிச் செய்திதான். ஆனால் எந்தத் தெருவில் யார் வாசலை அது தட்டும் என்று யோசித்துப் பழகிக்கொண்டேன். பிறகு நான் தயார் செய்த பிள்ளைகளிடமும் அதைத்தான் கேட்டேன். ஒரு செய்தியை எடுத்துக்கொள். இதனால் யார் கையைக் கடிக்கும், யார் தப்பிப்பார், கடிபட்டவர் வக்கீலிடம் எப்போது வருவார்? இந்த மூன்றுக்கும் பதில் வந்தால் போதும், புள்ளிவிவரம் தேவையில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஹபீப் சார் உடல்நிலை காரணமாக ஒதுங்கினார். எங்கள் அலுவலகம் சென்னையில் இருந்த ஒரு பெரிய சட்ட நிறுவனத்தின் வேலூர் கிளையானது. நான் கிளைக்குப் பொறுப்பானேன். கண்ணாடிக் கதவும் புதிய நாற்காலிகளும் வந்தன. பெஞ்சை மட்டும் எடுக்க விடவில்லை. வருடத்துக்கு ஒரு பயிற்சி வழக்கறிஞர் எங்கள் கிளைக்கு வருவார். சென்னையில் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் தோல் வாடை பழகுவதற்குள் மாற்றல் கேட்டுப் போய்விடுவார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று நான் மூன்று கூட்டங்களில் கேட்டேன். கடைசியில் சென்னைப் பங்குதாரர் ரகுநாதன் ஒப்புக்கொண்டார்.

"இந்த ஒரு வருஷம் பாக்கலாம் எஸ்தர். நானே வந்து இன்டர்வியூ பண்றேன். சரியா வரலன்னா பழையபடி இங்கேர்ந்தே அனுப்பிடறோம். அப்புறம் இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது."

ஆக, ஒரே இடம், ஒரே வருடம். தேறவில்லையென்றால் கதவு அடைபடும்.

சென்னையிலும் திருப்பதியிலும் சட்டம் படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்த சிலரை சனிக்கிழமை மாலைகளில் அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். அவர்களில் ஒருத்தி கலைவாணி, ஒடுகத்தூர்க்காரி. அப்பாவுக்கு வேர்க்கடலை விவசாயம், அக்கா ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் தைக்கிறாள். சென்னையில் இரண்டு நிறுவனங்களில் நேர்காணல் வரை போய், இந்தச் சுற்றிலேயே திரும்பியவள்.

"இன்னா கேட்டாங்க?" என்றேன்.

"அடுத்த அஞ்சு வருஷத்துல கிளையண்ட்ஸுக்கு இன்னா சேலஞ்சுன்னு கேட்டாங்க மேடம். உலகமயமாக்கல்னு ஆரம்பிச்சேன். சிரிச்சாங்க."

"அப்புறம்?"

"அந்தச் சிரிப்புக்கு மார்க் கிடையாது மேடம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பையன் ஒருவன் நாட்டின் ஏற்றுமதி மதிப்பைத் தசமப் புள்ளியோடு சொன்னான். கலைவாணி திரும்பி, "டேய், அதுல ஆம்பூர் எவ்ளோடா?" என்றாள். அவனுக்குத் தெரியவில்லை. "அப்ப அந்தப் புள்ளிக்கு அப்புறம் இருக்கறது யாருக்கு, எங்க அப்பனுக்கா?" என்றாள். அந்தப் பெண் தேறுவாள் என்று எனக்கு அன்றே தோன்றியது.

அவளிடம் ஒரு குறை இருந்தது. நன்றாகத் தெரிந்த விஷயத்தைச் சொல்லக் கூச்சப்படுவாள், தெரியாததை இங்கிலீஷில் வேகமாகச் சொல்வாள். அதை மாற்ற எட்டுப் பத்து வாரம் ஆனது. உன் கண்ணால் பார்த்ததிலிருந்து ஆரம்பி, அதை எங்கே கொண்டுபோய் முடிக்கிறாய் என்பதில் படிப்பைக் காட்டு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஹபீப் சாரின் பெஞ்சுக் கேள்வியையும் எல்லோருக்கும் சொல்லி வைத்தேன். ரகுநாதனுக்கும் அந்தக் கதை தெரியும், ஆனால் அவர் அதைக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை.

நேர்காணல் நாளன்று ரகுநாதன் காலை ரயிலில் காட்பாடி வந்து இறங்கினார். டாலர் விலை இறங்கிக்கொண்டே போன வருடம் அது. ஏற்றுமதிக்காரர்கள் எல்லோர் முகத்திலும் அது தெரிந்தது. காபி குடித்துக்கொண்டே அவர், "நம்ம கிளையண்ட் ஒரு குரூப், ஆம்பூர் பக்கம் ஒரு யூனிட்டை வாங்கறதுக்குப் பாத்துட்டிருக்காங்க. நல்ல விலைக்குப் படியற மாதிரி இருந்தா சொல்லுங்க" என்றார். அலுவலகத்துக்குள் இயல்பாகப் பேசும் பேச்சுதான்.

நான் வெளியே வந்தேன். பெஞ்சின் ஒரு முனையில் கலைவாணி. மறு முனையில் நஸீர் பாய், கைபேசியில் பேசி முடித்துக்கொண்டிருந்தார். ஆம்பூர் பக்கம், காலணியின் மேல்பகுதியான அப்பரைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் யூனிட் வைத்திருந்தவர். ஹபீப் சார் காலத்திலிருந்தே எங்களிடம் வருபவர். சொல்லாமல் வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. என்னைக் கண்டதும் எழுந்து சின்ன அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், யூனிட்டை வித்துடலாம்னு இருக்கேன். ரொம்ப பேஜாராய்டுச்சு. இன்னா நடந்துச்சுன்னா..."

"பாய், நிறுத்துங்க. இதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லாதீங்க."

"இன்னா மேடம்?"

"நாளைக்கு வாங்க. நாளைக்கு நானே உங்களுக்கு ஒரு பதில் சொல்றேன். அது வரைக்கும் இதை இந்த ஆபீஸ்ல யார்கிட்டயும் பேசாதீங்க."

அவர் குழப்பத்தோடு இறங்கிப் போனார். ஒரே நிறுவனம் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வக்கீலாக இருக்க முடியாது. விற்பவர் ஏன் விற்கிறார், எவ்வளவு அவசரம் என்பது வாங்குபவரின் வக்கீல் காதில் விழுந்தால், அன்றைக்கே விலை இறங்கிவிடும். நான் அவரை நேரத்தில் நிறுத்திவிட்டேன் என்று நினைத்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியில் என்ன பேசியிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நேர்காணல் தொடங்கியது. ரகுநாதனும் நானும் மேசைக்கு இந்தப் பக்கம். கலைவாணி அடர்நீலச் சேலையில், முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சட்டக் கேள்விகள் நன்றாகப் போயின. ரகுநாதனுக்குத் திருப்தி. பேனாவைச் சுழற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"உங்க பழைய சீனியர் ஸ்டைல்லயே கேக்கறேன் எஸ்தர்." பிறகு அவளிடம், "வெளில பெஞ்சுல உக்காந்திருந்தீங்க இல்ல? யாருக்குக் கவலை? என்ன கவலை?"

நஸீர் பாய் பெஞ்சில் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கலைவாணி கதவுப் பக்கம் பார்த்தாள். "ஒருத்தர் கவலையா இருந்தார் சார்."

"என்ன கவலை?"

"தெரியும் சார். ஆனா அதைச் சொல்றதுக்கில்ல."

"ஏன்?"

"அவர் உங்ககிட்ட சொல்றதுக்கு வந்திருக்கார் சார். என்கிட்ட சொல்லல. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன், காதுல விழுந்துச்சு. அவரே வந்து சொல்லட்டும்."

"நாங்க இந்த ஆபீஸ்காரங்கதாம்மா. எங்ககிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நான் இன்னும் இந்த ஆபீஸ் இல்லியே சார்."

ரகுநாதன் பேனாவை மேசையில் வைத்தார். கோபம் இல்லை, ஏமாற்றம். "இது கமர்ஷியல் அவேர்னெஸ் கேள்வி. ஒரு கட்சிக்காரரைப் பாத்து அவர் பிரச்சினையை உங்களால எடுத்துச் சொல்ல முடியுதான்னு பாக்கறேன். பதில் இல்லன்னா மார்க் போட முடியாது. உங்களுக்கு அது புரியுதா?"

"புரியுது சார்."

"அப்பவும்?"

"வேற எதையாவது கேளுங்க சார்."

இரண்டு முறை திரும்பி வந்த சுற்று, மூன்றாவது முறையும் அதே இடத்தில் நின்றது. அவள் செய்தது சரி என்று எனக்குத் தெரியும், எவ்வளவு சரி என்று அவளுக்கே தெரியாது. அதை ரகுநாதனுக்கு விளக்க வாயைத் திறந்தால், அவள் காப்பாற்றியதை நானே போட்டு உடைத்தவளாவேன்.

"நான் ஒன்னு கேக்கறேன்" என்றேன். "கலைவாணி, உங்க வீட்டு விஷயம், உங்க ஊரு விஷயம், நீங்க சொல்ல உரிமை இருக்கற எதையாவது எடுத்துக்குங்க. டாலர் இறங்குது. யாருக்குக் கவலை?"

இந்த முறை அவள் இங்கிலீஷ் வார்த்தைகளைத் தேடாமல், வீட்டில் பேசுவது போலவே ஆரம்பித்தாள்.

"எங்க ஊருக்கு சாயங்காலம் ரெண்டு கம்பெனி பஸ் வரும் சார். ரெண்டும் சூ கம்பெனி. முன்னாடியெல்லாம் ரெண்டு பஸ்ஸும் வெளக்கு வெச்சதுக்கு அப்புறம்தான் வரும். ஓவர்டைம். இப்ப ஒரு பஸ் வெளிச்சம் இருக்கச்சியே வந்துடுது. எங்க அக்கா போற பஸ் மட்டும் இன்னும் லேட்டா வருது."

"அதனால?" என்றார் ரகுநாதன்.

"ரெண்டு பேருமே டாலர்ல ஆர்டர் எடுக்கறாங்க. டாலர் எறங்குனா ரெண்டு பேருக்கும்தான் அடி. ஆனா ஒருத்தருக்கு ஓவர்டைம் இருக்குது, ஒருத்தருக்கு இல்ல. ஏன்னு யோசிச்சேன் சார். அக்கா கம்பெனில தோலு இத்தாலிலேர்ந்து வருது, வாங்கறவங்களே எங்க வாங்கணும்னு சொல்லிடறாங்க. அதுக்கும் டாலர்ல குடுக்கறாங்க. வரவு கம்மியானா செலவும் கம்மியாவுது. இன்னொரு கம்பெனி தோலை இங்கயே ரூபாய்ல வாங்குது. அவங்களுக்கு வரவு மட்டும் கம்மி."

"ரெண்டாவது கம்பெனி உங்க கட்சிக்காரர்னு வெச்சுக்குவோம். என்ன சொல்வீங்க?"

"அடுத்த ஆர்டர் ஒப்பந்தத்துல, டாலர் இவ்ளோவுக்குக் கீழ போனா விலையைத் திரும்பப் பேசலாம்னு ஒரு விதி கேக்கச் சொல்வேன். வாங்கறவர் ஒத்துக்கலன்னா, பேங்க்ல டாலர் விலையை முன்கூட்டியே பேசி வெச்சுக்க முடியுமான்னு பாக்கச் சொல்வேன். ஆனா அவர் எங்கிட்ட வந்து கேக்கறதுக்குள்ள ஒரு சீசன் போய்டும் சார். கையெழுத்து போட்டதுக்கு அப்புறம்தான் வக்கீலைத் தேடி வருவாங்க. அதனால டாலர் எறங்க ஆரம்பிக்கும்போதே நாமதான் அவருக்குப் போன் பண்ணணும்."

அந்த பஸ் கதையை அவள் சனிக்கிழமை வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் அப்போதுதான் கேட்கிறேன். ரகுநாதன் பேனாவை மறுபடி கையில் எடுத்திருந்தார்.

அவள் வெளியே போனதும் எங்களுக்குள் பேச்சு தொடங்கியது.

"ரெண்டாவது பதில் பிரமாதம். அதுல சந்தேகமே இல்ல. ஆனா முதல் கேள்விக்கு முட்டை. பேனல்ல கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன்னா, நாளைக்கு இந்தப் பொண்ணை வெச்சு எப்படி வேலை வாங்கறது?"

"அந்த முதல் கேள்வியையே எடுத்துடுங்க" என்றேன்.

"ஏன்?"

"காரணம் சொல்ல முடியாது."

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "எஸ்தர், நான் பார்ட்னர். என்கிட்டயே சொல்ல முடியாதா?"

"உங்ககிட்டதான் சொல்ல முடியாது."

அவர் என்னை நேராகப் பார்த்தார். காலையில் காபியோடு அவர் சொன்னதும், நான் இப்போது சொன்னதும் அவர் மனதில் ஒன்றையொன்று தொட்டிருக்கலாம். ரகுநாதன் வாய்ஜாலக்காரர், ஆனால் நல்ல வக்கீல். அதற்கு மேல் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. யார் வந்திருந்தார் என்று வெளியே எட்டிப் பார்க்கவும் இல்லை. மதிப்பெண் தாளில் முதல் கேள்வியை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டார்.

"நீங்களும் அந்தப் பொண்ணும் ஒரே ஸ்கூல் போல இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் நஸீர் பாய் வந்தார். இந்த விஷயத்தை எங்களால் எடுக்க முடியாது என்று சொல்லி, ராணிப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு நேர்மையான வக்கீலின் முகவரியைக் கொடுத்தேன். அவருக்கு வருத்தம்.

"இன்னா மேடம், ஹபீப் சார் காலத்துலேர்ந்து வர்றேன். எம்மேல எதுனா கோவமா?"

"இல்ல பாய்."

"பின்ன?"

"அதையும் சொல்ல முடியாது பாய்."

"டாக்டருங்க வேற ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுக்கற மாதிரி குடுக்கறீங்க" என்று சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு நெடுநாள் அவர் எங்கள் பக்கம் வரவில்லை.

அந்த வாரமே ஒரு தச்சரை வரவழைத்து, நேர்காணலுக்கு வருபவர்கள் காத்திருக்க உள்ளே தனியாக ஒரு தடுப்பு அமைத்தேன். ஹபீப் சாரின் அலுவலகம் ஒரே குடும்பம். அங்கே அந்தக் கேள்வியைக் கேட்டவரும் கட்சிக்காரரின் வக்கீலும் ஒரே ஆள். கிளைகளும் பங்குதாரர்களும் உள்ள நிறுவனத்தில் அது வேறு கேள்வியாகிவிடுகிறது. கேள்வியை விட்டுவிடவில்லை. கற்பனையான ஒரு கட்சிக்காரரை வைத்துக் கேட்கத் தொடங்கினோம்.

கலைவாணிக்கு வேலை கிடைத்தது. எங்கள் கிளைக்கான இடம் என்றாலும் முதல் சில மாதங்கள் சென்னையில் பழக வேண்டும் என்பது விதி. அங்கே ரகுநாதனின் பிரிவில் போட்டார்கள். ஒரு நாள் பகல் அவர் எனக்குப் போன் செய்தார்.

"எஸ்தர், ஆம்பூர்ல ஒரு யூனிட் வாங்கற ஃபைல் வந்திருக்கு. விக்கறவர் பேர் இப்பதான் வந்தது. உங்க கலைவாணிகிட்ட படிக்கக் குடுத்தேன். பேரைப் பாத்துட்டு மூடிட்டா. இதுல நான் வேலை செய்யக்கூடாது சார்னு திருப்பிக் குடுத்துட்டா."

"காரணம் கேட்டீங்களா?"

"கேக்கல. கேட்டா சொல்ல மாட்டான்னு தெரியும்." அவரே தொடர்ந்தார். "அன்னிக்கு அந்தப் பொண்ணு என் கேள்விக்கு பதில் சொல்லியிருந்தா, நான் இந்த ஃபைல்லேர்ந்து விலகியிருக்கணும். இல்ல, விலகாம இருந்திருப்பேன். ரெண்டாவதை நினைச்சா எனக்கே சங்கடமா இருக்கு."

"வேற ட்ரெய்னிகிட்ட குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன். இன்னொன்னு. அடுத்த வருஷத்துக்கும் உங்க ஊர்லேயே ஆளைப் பாருங்க. இந்தத் தடவை ரெண்டு இடம்."

நான் ஓய்வு பெறும்வரை அந்த இரண்டு இடங்களும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கே போயின. குடியாத்தத்திலிருந்தும் சோளிங்கரிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் வந்தார்கள். அவர்களில் சிலர் இப்போது என்னைவிடப் பெரிய வக்கீல்கள். என் வேலை வாழ்க்கையில் நான் வெளிப்படையாகப் பெருமைப்படும் விஷயம் இது. ஜெயித்த வழக்குகளைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை இல்லை. கலைவாணியின் காதில் அன்று விழுந்தது என்ன என்று நான் இதுவரை கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

எப்படித் தயாராவது என்று கேட்ட இளையவர்களுக்கு: பத்திரிகை படியுங்கள், அதோடு உங்கள் ஊர் பஸ்ஸையும் பாருங்கள். தெரிந்ததைச் சொல்லப் பழகுங்கள். சொல்லக்கூடாததைச் சொல்லாமல் இருக்க அதைவிட அதிகம் பழகுங்கள்.

நஸீர் பாயின் யூனிட் கைமாறி ஓர் ஆண்டுக்குப் பிறகு அவர் எங்கள் அலுவலகப் படியேறி வந்தார். மகளுக்கு வீடு வாங்கப்போவதாகவும் பத்திரம் பார்க்க வேண்டும் என்றும் சொல்லி, ஓர் உறையை என் மேசையில் வைத்தார். கலைவாணி அப்போது வேலூர் கிளைக்கே வந்துவிட்டிருந்தாள். அன்று நீதிமன்றத்துக்குப் போயிருந்தாள்.

"ராணிப்பேட்டை வக்கீலு நல்லா பண்ணாரு மேடம். வெலையும் வெக்கப்படற மாதிரி இல்ல. தைக்கற பொண்ணுங்க யாரையும் அனுப்பல. உங்க மேல இருந்த கோவம் அப்பவே போய்டுச்சு" என்றார். தேநீர் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுத் தயங்கினார். "ஒன்னு மட்டும் மனசுல கெடந்துச்சு மேடம். அன்னிக்கு இங்க உக்காந்து எங்க மச்சான்கிட்ட போன்ல எல்லாத்தையும் கத்திட்டேன். பக்கத்துல ஒரு பொண்ணு இருந்துச்சு, நீலச் சேலை. அது யாரு இன்னான்னு தெரில. யார்கிட்ட போய் சொல்லிடுமோன்னு கிரயம் முடியற வரைக்கும் தூக்கமே இல்ல. ஒன்னும் வெளிய வரல."

"அந்தப் பொண்ணு இப்ப இங்கதான் இருக்கு பாய். எங்க வக்கீல்."

நஸீர் பாய் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மகள் வீட்டுப் பத்திரங்கள் இருந்த உறையை என் பக்கமிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப கோர்ட்டுலேர்ந்து வரட்டும் மேடம். நான் வெயிட் பண்றேன். இதை அதுகிட்டயே குடுக்கறேன்."